சொதி குடிச்ச பவளம்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ரொம்பச் சின்னது. ஒரு கண்ணாடிக் குழாய்ல தொட்டித் தண்ணி பிடிக்கணும். ரெண்டு பாட்டில்ல இருந்து சொட்டு சொட்டா மருந்து விடணும். குலுக்கணும். அஞ்சு நிமிஷம் கழிச்சு என்ன கலர் வந்திருக்குன்னு ஒரு அட்டையோட ஒப்பிட்டுப் பாக்கணும். அவ்வளவுதான்.

மஞ்சளா இருந்தா தண்ணியில நைட்ரேட்டுங்கிற அழுக்கே இல்ல. இளம் ஆரஞ்சுன்னா அளவா இருக்கு. சிவப்புன்னா சங்குதான்.

வந்தது சிவப்பு. எங்க வீட்டு வாசல்ல நிக்குற செம்பருத்தி தோத்துப் போற மாதிரி சிவப்பு!

தொட்டி என்னோடதா இருந்தா நான் கவலையே பட்டிருக்க மாட்டேன். அடுத்தவங்க தொட்டி. அதுதான் வினை.

இது தொண்ணூறுகள்ல நடந்தது. நான் அப்ப பாளையங்கோட்டையில ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி டீச்சர். அதே பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் எடுத்தவங்க ஜமீலா டீச்சர். மேலப்பாளையத்துக்காரங்க. அவங்க வீட்டுக்காரர் காதர், துபாய்ல வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு மாசம் லீவுல வருவார்.

அந்தக் காதருக்கு ஒரு கிறுக்கு. வீட்டுக்குள்ள கடல் வச்சிருந்தார். ரெண்டடி கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணி, ரெண்டு மீன், ஒரு கல்லு. கல்லுமேல ஒரு பவளம். நம்ம மோதிரத்துல வைக்குற பவளம் இல்ல. உசுரோட இருக்குற பவளம். பாக்குறதுக்கு ஒரு பெரிய காளான் மாதிரி இருக்கும். தல பூரா பொடிப்பொடியா விரல் நீட்டிக்கிட்டு, தண்ணி அசையும்போது அதுவும் அசையும்.

தூத்துக்குடியில மீன்பிடிக்கிற சேக்காளி ஒருத்தர் வலையில சிக்குன கல்லுல ஒட்டிக்கிட்டு வந்ததாம் அது. வரும்போது நகக்கண்ணு அளவு. ஆறு வருஷமா வளத்து உள்ளங்கை அளவாக்கியிருந்தாங்க.

"துபாய்ல இருந்து மூணு நிமிஷம் பேசுவாக டீச்சர். அதுல ரெண்டு நிமிஷம் பவளம் எப்படி இருக்குன்னு கேப்பாக. மிச்ச ஒரு நிமிஷத்துல நான், பிள்ள, மழ பெஞ்சுதா, எல்லாம்," அப்படிம்பாங்க ஜமீலா.

ஒரு நாள் சிரிக்காமலும் சொன்னாங்க. "லீவுல வந்தா சொந்தப் பிள்ளையே 'யாரும்மா இது'ன்னு கதவுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிடுதான். தொட்டி முன்னால போயி நின்னா அது மட்டும் விரிஞ்சுக்கிட்டு இருக்கும். நம்மள ஒண்ணாவது அடையாளம் தெரிஞ்சு வச்சிருக்குன்னு ஒரு மனுசனுக்குத் தோணும்லா டீச்சர்?"

அந்த நேரத்துல வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். இருந்தனா?

காதர் வர்றதுக்குள்ள வீட்டுக்கு மொசைக் தரை போட ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ஒரு மாசம் வீடு பூராவும் சிமெண்டுத் தூசி. தொட்டிய எங்கன வைக்குறதுன்னு ஜமீலா தவிச்சப்ப நான்தான் நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேன். "எங்க வீட்டுல வைங்க. நைட்ரேட்டுதானே பாக்கணும்? நான் கெமிஸ்ட்ரி டீச்சர்லா!"

ஜமீலா ஒரு தகர டின்னும் டெஸ்ட் கிட்டுன்னு ஒரு மருந்துப் பெட்டியும் கொண்டாந்து குடுத்தாங்க. "டின்ல எறாப் பொடி இருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவ, ஒரு சிட்டிகை போதும். நைட்ரேட் ஏறுனா ஒரு வாளி தண்ணி மாத்திருங்க. அப்புறம் டீச்சர், ஒண்ணு முக்கியம்..."

"பெல் அடிச்சிட்டு ஜமீலா. நீங்க கிளாசுக்குப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அந்த 'ஒண்ணு முக்கியம்' என்னன்னு நான் கேக்கவே இல்ல.

எங்க வீடு சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கக்கூட வாசல்லயே வச்சுத் தின்னுட்டு, வாய் கொப்பளிச்சிட்டுத்தான் உள்ள வரணும். அந்தச் சட்டத்த எழுதுனது எங்க அத்தை, அதாவது என் மாமியார்.

தொட்டி ஹால்ல வந்து உக்காந்ததும் அத்தை சுத்திச் சுத்தி வந்து பாத்தாக. "இது கல்லா, செடியா?"

"ரெண்டும் இல்ல அத்த. உசுருள்ளது."

"உசுருள்ளதா? அப்ப என்னத்தத் திங்கும்?"

நான் டின்ன முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டேன். "எறா... பொடி."

அத்தை தொட்டிய விட்டு ஒரு எட்டு பின்னால போனாக. அப்புறம் அத்தை தீர்ப்பு சொன்னாக. "வந்ததத் தொரத்த முடியாது. ஆனா அந்தத் தகரம் இந்த நடையத் தாண்டி உள்ள வரப்பிடாது. ஆமா, சொல்லிட்டேன்."

அதனால டின்னு எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டரோட சைடு பெட்டியில குடியேறிட்டு. அவுக தினமும் அதோடதான் ஆபீசுக்குப் போனாக. வெள்ளிக்கிழமையானா நெல்லையப்பர் கோயிலுக்கும் அதோடதான் போனாக.

முதல் வாரம் டெஸ்ட் பண்ணேன். இளம் ஆரஞ்சு. பாத்தியளா, கெமிஸ்ட்ரினா சும்மாவா!

ரெண்டாவது வாரம்தான் அந்தச் செம்பருத்திச் சிவப்பு.

முதல்ல நான் என்னைச் சந்தேகப்படல. டெஸ்ட் கிட்டத்தான் சந்தேகப்பட்டேன். ஸ்கூல் லேபுக்குத் தண்ணி கொண்டுபோயி, நல்ல சோதனைக் குழாய்ல, சுத்தமாக் கழுவி, மறுபடி பாத்தேன். அதே சிவப்பு. சரி, உள்ள போற சாப்பாடு கூடிட்டு, அதான் அழுகி நைட்ரேட் ஆகுது. கொறச்சிருவோம்னு வாரத்துக்கு ஒரு சிட்டிகையாக்குனேன்.

நாலு நாள்ல இன்னும் சிவப்பு. கண்ணாடியில பச்சையாப் பாசி படர ஆரம்பிச்சிட்டு.

முழுப் பட்டினி போட்டேன். ஒரு பொடி கூட உள்ள போகல. மூணு நாள்ல, அட்டையில அதுக்குமேல கலரே இல்ல!

எனக்குத் தலை சுத்திட்டு. சாப்பாடக் கொறைக்கக் கொறைக்க அழுக்கு ஏறுது. இத எந்தப் பாடப் புத்தகத்துலயும் போடலையே! பவளம் வேற விரலெல்லாம் மடக்கிக்கிட்டு, கோவிச்சுக்கிட்ட மாதிரி உம்முன்னு உக்காந்திருக்கு.

ஸ்டாஃப் ரூம்ல ஜமீலா தினமும் கேப்பாங்க. "எப்படி டீச்சர் இருக்கு?"

"ஜம்முனு இருக்கு."

"சாயந்திரம் ஒரு எட்டு வந்து பாக்கட்டா?"

"இப்ப வேண்டாம் ஜமீலா. புது இடம்லா? ஆளுக வந்து பாத்தா அதுக்கு ஒரு கூச்சம் வரும்."

பவளத்துக்குக் கூச்சம்! நான் கெமிஸ்ட்ரி டீச்சருங்கிறதால அந்த அம்மா இதையும் நம்புனாங்க.

இனிமே தண்ணி மாத்துறத விட்டா வேற வழி இல்ல. தண்ணியில கலக்குற கடல் உப்புப் பொட்டலம் ஜமீலாகிட்டதான் இருக்கு, கேட்டா குட்டு உடைஞ்சிரும். சரி, பொட்டலம் எதுக்கு, கடலே பஸ்ல போற தூரத்துல இருக்கேன்னு, ஞாயித்துக்கிழமை காலையில மூணு பிளாஸ்டிக் கேனத் தூக்கிக்கிட்டுத் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறுனேன். எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டேன். "எனக்குப் பல் வலிக்கி"ன்னுட்டாக. பல்வலிக்காரர் பெரிய தட்டு நிறைய முறுக்க வச்சுக்கிட்டுதான் அதச் சொன்னாக.

கடல்ல இடுப்பளவு இறங்கி, சேல நனைஞ்சு, ஆள் இல்லாத பக்கமாப் போயி நல்ல தண்ணியாப் பாத்துப் பிடிச்சேன். மூணு கேனும் நிறைஞ்சிட்டு. திரும்பி வர்ற பஸ்ல ஏறி, கேன காலடியில வச்சேன்.

கண்டக்டர் கேட்டார். "என்னக்கா கேன்ல? எண்ணெயா?"

"இல்ல தம்பி. கடல் தண்ணி."

"கடல் தண்ணியா? எதுக்கு?"

நான் பவளம், நைட்ரேட்டுன்னு ஆரம்பிக்குறதுக்குள்ள, பக்கத்து சீட்டு ஆச்சி கேட்டுட்டாக. "திருச்செந்தூர் கடல் தண்ணியா? எம்மா, தீர்த்தம்லா! மருமக மாசமா இருக்கா. ஒரு கை குடும்மா, தலையில தெளிச்சு விடுதேன்."

மாசமா இருக்கிற மருமகளுக்குத் தெளிக்க ஒரு கைத் தண்ணி இல்லன்னு எப்படிச் சொல்ல? குடுத்தேன்.

அவ்வளவுதான். பின் சீட்டுல ஒருத்தர் புது லாரி வாங்கியிருக்காராம். முன் சீட்டுல ஒரு பிள்ளைக்குப் பரீட்சையாம். ஒருத்தருக்கு முட்டு வலி. ஆழ்வார்திருநகரி தாண்டுறதுக்குள்ள ஒரு கேன் காலி. ஸ்ரீவைகுண்டத்துல ஏறுன கூட்டம் ஏறும்போதே "தீர்த்தம் குடுக்காகளாமே"ன்னு டம்ளரோட ஏறிட்டு! டிரைவரே ஓரமா நிப்பாட்டி, வண்டிக்கு முன்னால கொஞ்சம் தெளிச்சுக்கிட்டார்.

பாளையங்கோட்டையில இறங்கும்போது ஒரே ஒரு கேன்தான் மிச்சம். அந்த ஆச்சி போகும்போது என் கன்னத்தத் தடவி, "புண்ணியவதி"ன்னாக. என் சேலயில இருந்து உப்புத் தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

அந்த ஒரு கேன ஊத்துறதுக்கு முன்னால தொட்டி வடிகட்டியக் கழுவிருவோம்னு கழட்டுனேன். அங்கனதான் புடிபட்டுச்சு.

வடிகட்டிப் பஞ்சுல ஒரு பீன்ஸ் துண்டு. நல்லா வெந்த பீன்ஸ். அது பக்கத்துல நாலு பாசிப்பருப்பு. மோந்து பாத்தேன். இஞ்சி வாசன.

கடல்ல பீன்ஸ் காய்க்காது. எனக்கு அவ்வளவு தெரியும்.

"அத்த!"

அடுக்களையில இருந்து கையத் தொடச்சுக்கிட்டே வந்தாக. நான் பீன்ஸ நீட்டுனேன். அத்தை முகத்துல ஒரு சின்ன மாத்தம் கூட இல்ல.

"சொதி வச்சேன்லா, அதுல ஒரு கரண்டி ஊத்துனேன்."

நெல்லைச் சைவ வீடுகள்ல சொதின்னா சும்மா இல்ல. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வர்ற புது மாப்பிள்ள வீட்டாருக்குப் போடுற சாப்பாடு. தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, காய்கறி, இஞ்சிச் சாறு, எல்லாம் சேந்தது. விருந்தாளிக்குச் சொதி போடலன்னா அது விருந்தே இல்ல.

"பவளத்துக்குச் சொதியா?"

"ஏன், அதுவும் விருந்தாளிதான? நம்ம வீட்டுக்கு வந்து எத்தன நாளாச்சு? அந்த நாத்தம் புடிச்ச பொடிய விட்டா ஒண்ணும் கண்ணுல காட்டல நீ. தேங்காய்ப் பால் மாதிரி ஒரு சைவத்தக் குடிச்சுப் பழகட்டுமேன்னு ஊத்துனேன்."

"ஒரு தடவதான?"

அத்தை கொஞ்சம் யோசிச்சாக. "முதல்ல ஒரு தடவதான். அப்புறம் நீ பொடியக் கொறச்சியா, பாவமாப் போச்சு. தினம் ரெண்டு சோத்துப் பருக்க. அப்புறம் நீ சுத்தமா நிறுத்திட்டியா, எனக்குச் சோறு எறங்கல. நம்ம ஹால்ல உக்காந்து திங்கோம், அது கண்ணாடிக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே கெடக்கு! அதான் மூணு வேளையும் போட்டேன்."

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். நான் பட்டினி போடப் போட, இவுக ஊட்டியிருக்காக. இவுக ஊட்ட ஊட்ட, நான் பட்டினி போட்டிருக்கேன்.

ஆனா எனக்கு ஒரு கணக்கு இடிச்சிட்டு. ரெண்டு பருக்கைக்கு இவ்வளவு சிவப்பு வராதே? திரும்பிப் பாத்தா எங்க வீட்டுக்காரர் பைய வாசல் பக்கம் நகந்துக்கிட்டு இருக்காக.

"நில்லுங்க. டின்னு எங்க?"

ஸ்கூட்டர் பெட்டியத் தொறந்தேன். டின்ன ஆட்டுனேன். சத்தமே இல்ல. காலி!

"காலையில வண்டிய எடுக்கும்போது ஒரு சிட்டிகை, சாயந்திரம் வந்து நிறுத்தும்போது ஒரு சிட்டிகை," அப்படின்னாக எங்க வீட்டுக்காரர். "நீ மறந்துருவேன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ கெமிஸ்ட்ரி எடுப்ப."

அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே! தொட்டிக்கு மேல ஒரு பலகையப் போட்டு, லேப்ல அலமாரிக்குப் போடுற பூட்ட வாங்கிட்டு வந்து பூட்டுனேன். சாவிய தாலிச் சங்கிலியில கோத்துக்கிட்டேன். "இனிமே இந்த வீட்டுல எவராவது இதுக்கு ஒரு பருக்க போட்டா நான் அம்மா வீட்டுக்குப் போயிருவேன்!"

அத்தை சொன்னாக, "போறவ சாவியக் குடுத்துட்டுப் போ."

அப்புறம் நான் ஆடுன ஆட்டம்! மறுபடியும் திருச்செந்தூர், ரெண்டு தடவ. இப்ப கேன சாக்குல சுத்தி, "சீமெண்ணெய்"ன்னு பொய் சொல்லிக் கொண்டாந்தேன். பாதிப் பாதியாத் தண்ணிய மாத்துனேன். கண்ணாடியத் தேச்சேன். கல்லத் தேச்சேன். பல் துலக்குற பிரஷ்ஷால பாசிய ஒண்ணு விடாமச் சுரண்டுனேன். அடி மணலக் கூட அலசுனேன். மீனுக்கே பயம் வந்து ஒரு மூலையில ஒண்டிக்கிட்டு.

ஒரு வாரத்துல டெஸ்ட் பண்ணேன். மஞ்சள்! சுத்த மஞ்சள்! எலுமிச்சம்பழம் மாதிரி!

சைபர் நைட்ரேட்! குழாயத் தூக்கிக்கிட்டு வீடு பூராவும் காட்டுனேன். ஹாலுக்கு நடுவுல நின்னு ஒரு சொற்பொழிவே நடத்துனேன். "பாத்தியளா? இதுக்குப் பேர்தான் கெமிஸ்ட்ரி!"

அத்தை குழாயப் பாக்கல. தொட்டியப் பாத்தாக. "தண்ணி நல்லாத்தான் இருக்கு. அது ஏன் வெளுத்துப் போயிக் கெடக்கு?"

பாத்தேன். தவிட்டு நிறத்துல கொழுகொழுன்னு இருந்த பவளம், சோகை புடிச்ச மாதிரி வெளிறி, சுருங்கி, ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு. ஒரு விரல் கூட வெளிய இல்ல.

மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல ஜமீலா ஓடி வந்தாங்க. முகம் பூரா சிரிப்பு. "டீச்சர், டிக்கெட் போட்டாச்சாம்! வர்ற ஞாயித்துக்கிழமை வாராக. வந்ததும் நேரா உங்க வீட்டுக்குத்தான். தொட்டியப் பாத்துட்டுத்தான் சோறுன்னுட்டாக."

அந்த மனுசன் ரெண்டு வருஷம் பாலைவனத்துல கெடந்துட்டு வந்து இந்தச் சோகை புடிச்ச காளான் முன்னால நிக்கப் போறார். பிள்ள கதவுக்குப் பின்னால ஒளியும். இதுவும் விரியாது.

வெட்கத்த விட்டுட்டுக் கேட்டேன். "ஜமீலா, சும்மா ஒரு சந்தேகம். அன்னைக்கு ஏதோ ஒண்ணு முக்கியம்னு சொல்ல வந்தீங்களே, என்ன அது?"

"அதுவா? சைபர் ஆயிரக் கூடாதுன்னு சொல்ல வந்தேன் டீச்சர். அது உடம்புக்குள்ளயே பொடிப் பாசி இருக்காம். அதுதான் வெயில்ல சமைச்சு அதுக்கு ஊட்டுதாம். தண்ணியில நைட்ரேட்டே இல்லன்னா அந்தப் பாசி செத்துரும், இதுவும் வெளுத்துப் போயிரும்னு இவுக சொல்லுவாக. உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் கெமிஸ்ட்ரி டீச்சர்!"

"ஆமா, ஆமா," அப்படின்னேன்.

வீட்டுக்கு வந்து ஹால்ல உக்காந்து அழுதுட்டேன். நெசமா அழுதேன். "கூடப் போட்டு நீங்க கொல்லப் பாத்தீங்க, போடாம நானே கொன்னுட்டேன் அத்த."

அத்தை தொட்டிகிட்ட போயிக் குனிஞ்சு பாத்தாக. அப்புறம், "செத்துட்டா?"

"இன்னும் இல்ல. ஆனா ஏதாவது திங்கணும். டின்னும் காலி."

"சொதி..."

"ஐயோ, சொதி வேண்டாம்!"

அத்தை எந்திரிச்சு உள்ள போனாக. பரண்ல கெடந்த ஒரு பழைய தூக்குச்சட்டிய எடுத்துட்டு வந்து என் முன்னால வச்சாக. "அது எதத் திங்குமோ அத வாங்கிட்டு வா. உசுரு போறப்ப சைவம் என்ன, அசைவம் என்ன? கொல்லைப்புறத்து வழியா வா. இந்தச் சட்டி திரும்ப வீட்டுக்குள்ள வரப்பிடாது."

நான் வாயப் பொளந்துக்கிட்டு அவுகளப் பாத்தேன். "போடி, இருட்டுறதுக்குள்ள," அப்படின்னாக.

பொறந்ததுல இருந்து மீன் மார்க்கெட் பக்கம் போகாதவ நான். முந்தானையால மூக்க மூடி, தலையில முக்காடு போட்டு, கருப்புக் கண்ணாடியும் போட்டுக்கிட்டுப் போனேன். பாக்குறவங்களுக்குத் திருட வந்தவ மாதிரிதான் இருந்திருக்கும்.

மீன்காரம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாக. "என்ன வேணும் டீச்சரம்மா?"

முக்காடு தோத்துட்டு. "எறா. அஞ்சு."

"அஞ்சு கிலோவா?"

"அஞ்சு எறா."

அந்தம்மா கத்திய கீழ வச்சுட்டாக. "அஞ்சே அஞ்சா? வீட்டுல எத்தன பேரு?"

"எங்களுக்கு இல்லம்மா. நாங்க சைவம்."

"ஓ, பூனைக்கா?" பக்கத்துக் கடைக்காரம்மாவப் பாத்துக் கண்ணடிச்சாக. "சைவ வீட்டுப் பூனை பூரா எங்கிட்டதான் வாங்கும். ஒரு பூனைக்கு வஞ்சிரம் நடுத்துண்டுதான் வேணும். ஒரு பூனை குழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்கணும்னு கேட்டுட்டுப் போச்சு!"

"பூனைக்கு இல்ல. பவளத்துக்கு."

"யாரு பவளம்? உங்க நாத்தனாரா?"

விளக்குற தெம்பு இல்ல எனக்கு. "ஆமா"ன்னுட்டேன். நாத்தனார் மானம் போனாப் போகுது.

கொல்லைப்புறத்துல துவைக்கிற கல்லு மேல அஞ்சு எறாவையும் வச்சேன். மீசையும் முழியுமா அஞ்சும் என்னையே பாத்துக்கிட்டுக் கெடக்கு. என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல. அப்படியே நசுக்கவா? எங்க வீட்டுக்காரர் வாசல்ல இருந்து எட்டிப் பாத்துட்டு, வாயப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டாக.

அத்தை கொல்ல வாசப்படியில, எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு நின்னாக.

"என்ன பண்ணுத?"

"எங்கன ஆரம்பிக்கன்னு தெரியல அத்த."

"தலயத் திருகு," அப்படின்னாக அத்தை.

திருகுனேன்.

"வயித்துப் பக்கம் இருந்து ஓட்ட உரி. பைய. வால் நுனியப் புடிச்சு இழுத்தா மொத்தமா வந்துரும்."

இழுத்தேன். மொத்தமா வந்துட்டு!

"இப்ப முதுகுல நீளமா ஒரு கீறல் போடு. கருப்பா ஒரு நரம்பு தெரியும். அத உருவிப் போட்டுரு. இல்லன்னா நறநறன்னு இருக்கும்."

என் கை அப்படியே நின்னுட்டு. உள்ள ஓடிப்போன எங்க வீட்டுக்காரரும் திரும்பி வந்து வாசப்படியில நிக்காக.

"எம்மா," அப்படின்னாக பைய. "நறநறன்னு இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அத்தை கண்ணத் தொறக்கல. "ஏலே, கேள்விப்பட்டதச் சொன்னேன். போயி வேலையப் பாரு."

எறாவ நல்லா மசிச்சு, உப்புத் தண்ணியில கலக்கி, இங்க் ஃபில்லரால பவளத்து மேல சொட்டு சொட்டா விட்டேன். ஒரு நாளைக்கு ஒரு எறா, மிச்சம் ஐஸ் போட்ட தூக்குச்சட்டியில கொல்லையிலயே. அதுக்குமேல ஒரு துளி கிடையாது. அத்தை பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு, மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்து மேற்பார்வ பாத்தாக. மூணாவது நாள் ஓரத்துல ஒரு விரல் வெளிய வந்துச்சு. அத்தை என் கையப் புடிச்சு அமுக்குனாக. அஞ்சாவது நாள் பாதித் தல விரிஞ்சிட்டு.

ஞாயித்துக்கிழமை காதர் வந்தார். ஷூவக் கூட ஒழுங்காக் கழட்டல. நேரா தொட்டி முன்னால போயி முட்டிபோட்டு உக்காந்தார். நான் மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கேன். காலை வெயில் சன்னல் வழியா விழுந்துச்சு. பவளம் பைய, பைய, எல்லா விரலையும் நீட்டிட்டு.

"மாஷா அல்லா," அப்படின்னார் காதர். குரல் கம்மிட்டு. ஜமீலா வேற பக்கம் திரும்பிக் கண்ணத் தொடச்சாங்க. எனக்கும் கண்ணு கலங்கிட்டு, என்ன மறைக்க!

அப்புறம் அவரே குழாய எடுத்து டெஸ்ட் பண்ணார். இளம் ஆரஞ்சு. அட்டையில வரைஞ்சு வச்ச மாதிரி.

"நான் கூட இருந்து பாத்திருந்தாக்கூட இவ்வளவு கச்சிதமா வச்சிருக்க மாட்டேன். எப்படி டீச்சர்?"

நான் வாயத் தொறக்கப் போனேன். அத்தை முந்திக்கிட்டாக. "அவ கெமிஸ்ட்ரி டீச்சர்லா!"

காதர் தொட்டி மூடிய லேசாத் தூக்கி மோந்து பாத்தார். "என்னமோ இஞ்சி வாசன வருதே?"

"எல போட்டாச்சு, சாப்பிட வாங்க. விருந்தாளிக்குச் சொதி வச்சிருக்கேன்," அப்படின்னுட்டு அத்தை உள்ள போயிட்டாக.

இன்னைக்குக் கேட்டாலும் ஒரு தொட்டிக்கு நைட்ரேட் எவ்வளவு இருக்கணும்னு தூக்கத்துல கூடச் சொல்லுவேன். அத்தைக்கு அந்தக் கருப்பு நரம்பு எப்படித் தெரிஞ்சுதுங்கிறதுக்கு மட்டும் எந்த டெஸ்ட் கிட்டும் இன்னும் வரல.